நதானியல் ஹோல்டருக்கு ஒரு கல்

செத்தவனுக்கும் பாஸ்போர்ட் உண்டு என்பது எனக்கு எழுபத்தொன்பதாம் வருஷம்தான் தெரிந்தது. அதுவரை நான் குழி வெட்டுகிறவன், உள்ளே இறக்குவதோடு என் வேலை முடிந்தது. அந்த வருஷம் வெளியே எடுக்கச் சொன்னார்கள்.

அக்டோபர் முதல் தேதியிலிருந்து கால்வாயின் இரண்டு கரையும் பனாமாவுக்கு என்று ஒப்பந்தம் ஆகியிருந்தது. கால்வாயை மட்டும் அமெரிக்கத் துரைமார் இன்னும் இருபது வருஷம் வைத்திருந்துவிட்டுத் தருவார்களாம். கொலோன் நகரத்துக்கு வெளியே குன்றின் மேலிருக்கும் எங்கள் இடுகாடும் கைமாறுகிற சொத்துகளில் ஒன்று. அமெரிக்கக் குடிமக்களின் எலும்பு அந்நியக் கொடிக்குக் கீழே கிடக்கக் கூடாது என்று மேலே யாரோ முடிவு செய்தார்கள். அதனால் அந்தக் கல்லறைகளை மட்டும் தோண்டி, எலும்புகளைப் புதுப் பெட்டிகளில் வைத்து, தங்கள் கையிலேயே இருக்கப்போகிற வேறொரு இடுகாட்டுக்குக் கொண்டுபோக உத்தரவு வந்தது. தோண்டியது யார்? கால்வாயைத் தோண்டியவர்களின் பேரன்களான நாங்கள். எங்கள் தாத்தாக்கள் குன்றின் மறுசரிவில் கிடந்தார்கள். அவர்களைத் தொட உத்தரவில்லை.

கால்வாய் வெட்டிய காலத்தில் வெள்ளைக்காரனுக்குத் தங்கக் காசில் சம்பளம். பார்படோஸிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் கப்பலேறி வந்த எங்கள் ஆட்களுக்கு வெள்ளிக் காசில். பிறகு காசு போய் நோட்டு வந்தது, பெயர் மட்டும் போகவில்லை. தங்கத்துக்கு ஒரு கடை, வெள்ளிக்கு ஒரு கடை. பள்ளிக்கூடம் இரண்டு, தபால் ஜன்னல் இரண்டு, தண்ணீர்க் குழாயும் இரண்டு. இடுகாட்டில் தங்கச் சரிவில் பளிங்குக் கல், அதில் பெயர், ஊர், ஒரு வேத வாக்கியம். வெள்ளிச் சரிவில் எண் போட்ட சிமெண்ட் முளை, அதுவும் பாதி உடைந்தது. வெள்ளையன் தங்கமாம், கறுப்பன் வெள்ளியாம். இந்தப் பெயரை வைத்தவன் மட்டும் எந்தச் சரிவில் கிடக்கிறான் என்று தெரிந்தால் அவன் கல்லில் காறித் துப்பிவிட்டு வந்திருப்பேன்.

இவ்வளவும் சொன்னது மிஸ் இஸ்மேயைப் பற்றிச் சொல்லத்தான். இஸ்மே ஹோல்டர் எங்கள் ஆட்களுக்கு மதியச் சோறு விற்கிறவர். தேங்காய்ப் பாலில் வேகவைத்த அவரைச் சோறும் உப்புப் போட்ட பன்றிவாலும் பெரிய எனாமல் பானையில் கொண்டுவந்து இடுகாட்டு வாசலில் இறக்குவார். வயது எழுபதை நெருங்கியிருந்தது. சோற்றில் குறை வைக்க மாட்டார், வசவிலும் குறை வைக்க மாட்டார். அகப்பையை நீட்டிக்கொண்டே எங்கள் ஒவ்வொருவரையும் ஒரு வாய் திட்டினால்தான் அவருக்குக் கை ஓடும்.

அவருடைய அப்பன் நதானியல் ஹோல்டர் பார்படோஸ்காரன். மலையைப் பிளந்த இடத்தில் பாறையில் துளை போடுகிற வேலை. முந்தின நாள் வெடிக்காமல் உள்ளே தங்கிவிட்ட டைனமைட்டின் மேல் அவன் துளைக்கருவி இறங்கியது. இஸ்மே அப்போது தவழ்கிற குழந்தை. இஸ்மேயின் அம்மாவை வெள்ளிச் சரிவுக்குக் கூட்டிவந்து, இந்த வரிசையில்தான் எங்கேயோ என்று கையைக் காட்டினார்கள். எங்கேயோ! நாய் செத்தால்கூட இன்ன மரத்தடி என்று சொல்லுவான் மனுஷன்.

அம்மா தங்கச் சம்பளக்காரர் வீடுகளுக்குத் துணி வெளுத்தார். அப்புறம் மகள் வெளுத்தார். கஞ்சி போட்டு, கரிப்பெட்டியில் தேய்த்து, மடிப்புக் கலையாமல் கூடையில் சுமந்து கொடுத்து, முழங்கைவரை சூட்டுத் தழும்பு. கட்டிக்கொண்ட மனிதர் தூர்வாரும் கப்பலில் வேலை பார்த்தார். அவர் காய்ச்சலில் போனதும், வேலைக்காரன் இல்லாத வீட்டில் வேலைக்காரன் பெண்டாட்டிக்கு என்ன வேலை என்று கேட்டு, கால்வாய் நிர்வாகம் தந்திருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அழுது முடிக்கக்கூட அவகாசம் கொடுக்கவில்லை. கட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு, துரைமார் வேலிக்கு வெளியே, பனாமாக்காரர்களின் கொலோனில் ஒரு மர வீட்டின் மாடி அறைக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? இந்த மண்ணிலேயே பிறந்தவர் அவர். நாற்பத்தொன்றாம் வருஷம் பனாமாக்காரர்கள் அரசியல் சட்டத்தை மாற்றி, ஸ்பானிஷ் பேசாத கறுப்பரின் பிள்ளைகள் தங்கள் குடிமக்கள் இல்லை என்று எழுதிவைத்தார்கள். சில வருஷம் கழித்து, இரவல் வாங்கிய குடையைக் கொடுப்பதுபோலக் குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள். தெருவில் சோம்போ என்று கூப்பிடுவதை மட்டும் விடவில்லை. அது எங்களுக்கென்றே வைத்த வசவு. கால்வாய் எனக்கு என்று ஒருவன் சொல்வான், இல்லை எனக்கு என்று இன்னொருவன் மார்தட்டுவான். வெட்டினவன் யாருடைய ஆள் என்று கேட்டால் இரண்டு பேரும் வானத்தைப் பார்ப்பார்கள்.

தங்கச் சரிவில் ஒவ்வொரு பெட்டியாக நாங்கள் எடுப்பதை மிஸ் இஸ்மே தினமும் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாதிரி வருவார், ஜெபம் சொல்லுவார், சின்னதாக ஒரு கொடியைப் பெட்டிமேல் விரிப்பார்கள். செத்து எத்தனையோ காலமான குமாஸ்தாவுக்குக்கூட, இவன் எங்கள் ஆள் என்று சொல்ல ஒரு நாடு வந்து நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது. தன் அப்பனையும் யாராவது அப்படிச் சொல்ல வேண்டும், அவன் பெயர் ஒரு கல்லில் இருக்க வேண்டும். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

முதலில் எங்கள் மேற்பார்வைத் துரை ப்ரூக்கரிடம் போய்க் கேட்டார். நதானியல் ஹோல்டர் பிரிட்டிஷ் பிரஜை, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றான் அவன். நகரத்தில் பனாமா அலுவலகத்துக்குப் போனார். அக்டோபர்வரை அது எங்கள் நிலமே இல்லை அம்மா, அப்புறமும் அங்கே இருப்பது தீவுக்காரர்கள்தானே என்றார்கள். பார்படோஸுக்கும் கேட்டு எழுதுங்களேன் என்று ஒருவன் கிண்டலாக யோசனை சொன்னானாம். அன்றைக்குச் சோற்றில் உப்பு கரித்தது. எல்லோரும் தட்டைக் காலி செய்தோம்.

அந்த வாரமே அவர் கண்ணில் பட்டது கொட்டகைக்குப் பின்னால் கிடந்த கற்குவியல். எலும்பு போகிற இடத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி புதுச் சிலுவை. அதனால் பழைய பளிங்குக் கற்களை ரோட்டுக்கு உடைத்துப் போடக் குவித்திருந்தோம். அவர் அகப்பையோடு குவியலைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒரு கல்லின்முன் நின்று, சிரிக்க ஆரம்பித்தார். எனக்குப் பயமாகிவிட்டது.

"டேய் ரூபர்ட்டு, இது யாருன்னு தெரியுமா? காலர்ல ஒரு சுருக்கம் இருந்தா சட்டைய என் மூஞ்சியில வீசின மகராசன். இவனுக்கு நான் போட்ட கஞ்சிக்கு இந்தக் கல்லு ஒண்ணும் பெருசில்ல. எங்கப்பனுக்கு இதத்தான் வைக்கணும்."

"அதுல அவன் பேரு இருக்கே, மிஸ் இஸ்மே," என்றேன்.

"முதுகு காலியாத்தானடா கிடக்கு?"

எங்கள் கங்காணி வீக்ஸ், வாயிலிருக்கிற சுருட்டை எடுக்காமலேயே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மச்சான் கல்லில் எழுத்து வெட்டுகிறவன். சனிக்கிழமை துரை வராத நாள் பார்த்து அவனைக் கூட்டிவந்தார். நதானியல் ஹோல்டர், பார்படோஸ், மலையைத் துளைத்தவர் என்று அவன் வெட்டினான். வேத வாக்கியம் வேண்டுமா என்று கேட்டதற்கு, அதெல்லாம் தங்கச் சரிவுக்காரர்களுக்கு, எங்கப்பன் வேலை செய்தவன், அது போதும் என்றார் மிஸ் இஸ்மே. நாங்கள் ஆறு பேர் கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றி, குன்றைச் சுற்றிக் கொண்டுபோய், அவர் அம்மாவுக்குக் கை காட்டிய அந்த வரிசையில் நட்டோம். இடுப்பு விட்டுப்போயிற்று. வெள்ளையன் பெயர் புதரைப் பார்த்தபடி நின்றது.

திங்கட்கிழமை ப்ரூக்கர் பார்த்துவிட்டான். முகம் சிவந்து எங்களை வரிசையாக நிற்கவைத்து, அரசாங்கச் சொத்தைத் திருடியிருக்கிறீர்கள் என்று கத்தினான். ரோட்டில் உடைத்துப் போட்டால் சொத்து இல்லை, கறுப்பன் தலைமாட்டில் வைத்தால் சொத்து! மிஸ் இஸ்மே பானையைக் கீழே வைத்துவிட்டு மேலேறி வந்தார். திருடியது நான், என்னிடம் கேள் என்றார். அவன் குரலைத் தாழ்த்தி, ஏதோ குழந்தைக்கு விளக்குவதுபோல, இந்த இடத்தில் எண் முளையே இல்லையே, உங்கள் அப்பா இங்கேதான் இருக்கிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான்.

"எனக்குத் தெரியாது. புதைச்சது நீங்க. எங்க இருக்காருன்னு நீங்க சொல்லுங்க."

ப்ரூக்கர் கையிலிருந்த பட்டியலைப் புரட்டினான். அவர் விடவில்லை.

"உங்க ஆளுங்கள எல்லாம் பல்லு எண்ணி எடுத்துட்டுப் போறீங்கல்ல? எங்கப்பன் எந்தக் குழியில இருக்காருன்னு காட்டுங்க, கல்ல அங்க மாத்தி வைக்கறேன். இங்க இருக்கறது அவரில்லன்னா வேற ஒருத்தியோட அப்பன். அவனுக்கும் இந்தக் கல்லு தகும்."

பேசத் தெரியாதபோது உத்தரவுதானே வரும்? கல்லைப் பிடுங்கி வண்டியில் ஏற்று என்று வீக்ஸிடம் சொன்னான். வீக்ஸ் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். மண்வெட்டியைப் படுக்கவைத்து அதன் பிடியின்மேல் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். யாரும் கோஷம் போடவில்லை, கையை ஓங்கவில்லை. ப்ரூக்கர் தானே போய்க் கல்லைக் கட்டிப்பிடித்து ஆட்டிப் பார்த்தான். அது அசையவில்லை. எங்களில் ஒருவன் சிரித்துவிட்டான், நான்தான். அன்றைக்கே எங்கள் ஆறு பேருக்கும் சீட்டுக் கிழிந்தது. மிச்சமிருந்த பெட்டிகளை வேறு கும்பல் வந்து எடுத்தது. கல்லைத் தூக்கச் சொன்னபோது அவர்களும் கறுப்பர்கள்தானே, காது கேட்காதவர்கள்போல நின்றார்களாம்.

அக்டோபர் வந்தது. நகரமெல்லாம் கொடி, பட்டாசு, லாரி லாரியாகப் பள்ளிப் பிள்ளைகள். நானும் கொஞ்சம் ஆடினேன், பொய் சொல்ல மாட்டேன். துரைமார் வேலியை இழந்ததில் யாருக்குத்தான் சந்தோஷமில்லை? மிஸ் இஸ்மேகூட வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டு உடுத்திக்கொண்டு ஊர்வலம் பார்த்தார்.

அடுத்த வாரம் இடுகாட்டைப் பொறுப்பேற்க கிந்தேரோ என்ற அதிகாரி வந்தார். வாலிபர், கறுப்புக் கண்ணாடி போட்டவர், நல்ல பேச்சுக்காரர். எங்களை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டவரும் அவர்தான், அதை மறைக்கக் கூடாது. சரிவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தவர் கல்லின்முன் நின்றார். பின்பக்கம் போய்ப் படித்தார். முன்பக்கம் வந்து படித்தார். இது யாரைக் கேட்டு வைத்தது என்று ஸ்பானிஷில் கேட்டார். நிலம் கைமாறி ஒரு வாரம்தான் ஆகிறது, அதே அதிகாரம்! மொழிதான் மாறியிருந்தது.

நான் ஓடிப்போய் மிஸ் இஸ்மேயைக் கூட்டிவந்தேன். அவர் வந்து கல்லின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். இதெல்லாம் இனிமேல் தேசத்தின் சொத்து, ஆளாளுக்கு எடுத்து வைக்க முடியாது, எடுத்தாக வேண்டும் என்று கிந்தேரோ மரியாதையாகத்தான் சொன்னார்.

"எடுங்க. நான் தடுக்கல," என்றார் மிஸ் இஸ்மே. "மண்ணு உங்களுதுன்னு போன வாரம் கொடி பிடிச்சீங்க, நானும் பாத்தேன். மண்ணு உங்களுதுன்னா மண்ணுக்குள்ள கிடக்கறவரும் உங்காளுதானே? இதோ இத்தன பேரு நிக்கறாங்க. நதானியல் ஹோல்டர் எங்காளுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க."

கிந்தேரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒப்பந்தம் என்றார். சட்டம் என்றார். அந்தக் காலத்துத் தொழிலாளிகள் எல்லோரிடமும் எங்களுக்கு மரியாதை உண்டு என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர வாயில் வரவில்லை. இரண்டு எழுத்துப் படித்த நாக்குக்கு அது அவ்வளவு கனமாக இருந்தது. கடைசியில், இப்போதைக்கு இருக்கட்டும், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். மேலேயிருந்து இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. கல் அங்கேயே நிற்கிறது.

ஜீப் போனதும் நாங்கள் கைதட்டினோம். ஜெயித்துவிட்டோம், மிஸ் இஸ்மே, இனி எவனும் தொட மாட்டான் என்று நான் குதித்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்த ஆத்திரம் ப்ரூக்கரிடம் காட்டியதைவிடப் பெரியது.

"என்னத்தடா ஜெயிச்சோம்? எங்காளுன்னு சொல்லியிருந்தான்னா கல்லக் குடுத்திருப்பேன்."