சாமா மெடிக்கல்ஸின் ஒன்பதாவது ஷட்டர்

மலையாண்டிக்குத் தன்மேல் என்ன கோபம் என்று சாதிக் பாட்சாவுக்குப் பிடிபடவே இல்லை. மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

பின்னே, முப்பது வருசக் கூட்டு இல்லையா! அறந்தாங்கி பஸ் ஸ்டாண்ட் பக்கம் பெட்டிக்கடை அளவு இடத்தில் ரெண்டு பேரும் ஆரம்பித்தது 'சாமா மெடிக்கல்ஸ்'. சாதிக்கில் ஓர் எழுத்து, மலையாண்டியில் ஓர் எழுத்து, கடைசியில் போட்ட துணைக்கால் ராசிக்காக. சாதிக் பார்மசி படித்தவர். கவுன்டரை விட்டு நகர மாட்டார். மலையாண்டி மருந்துக் கம்பெனி ரெப்பாக அலைந்தவர். எந்த ஊரில் புது டாக்டர் வந்தாலும் அங்கே இடத்தைப் பிடித்துவிட்டுத்தான் இவருக்கே போன் போடுவார். அப்படித்தான் திருமயம், கீரனூர் என்று எட்டுக் கடையானது. திறப்பு விழாவில் ரிப்பன் கிடையாது, கத்திரி கிடையாது. இவர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் பிடித்து ஷட்டரைத் தூக்குவார்கள். அவ்வளவுதான் விழா.

இப்போது ஒன்பதாவது கடை, அரிமளத்தில். இந்த நேரம் பார்த்தா மனுசன் முறுக்கிக்கொள்வது? அறந்தாங்கிக் கடைக்கு வந்தால் உள்ளே வருவதில்லை. மருந்து வாங்க வந்த ஆள் மாதிரி வெளியிலேயே நிற்கிறார். வாடா போடா எல்லாம் போய், 'வாங்க, சொல்லுங்க' என்கிறார். அந்த மரியாதை சாதிக்குக்குச் சுருக்கென்று தைத்தது. அரிமளத்து இடத்தைத் தானே பேசி முடித்ததாலா? தன் மகள் கல்யாணத்தில் அவரைச் சரியாகக் கவனிக்கவில்லையா? இதையே நினைத்துப் புலம்பியதில் மனைவி பரக்கத் நிஷாவுக்கு அலுத்துவிட்டது. நேரில் போய்க் கேட்க வேண்டியதுதானே என்று எரிந்து விழுந்தார்.

போனார். மலையாண்டி சிரித்த முகமாக உட்காரச் சொல்லி, காபி போடச் சொல்லி, உங்களுக்கு எந்த ஊர் என்று விசாரித்தார். நக்கலைப் பாரு என்று சாதிக் காபியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார். வாசல் வரை வந்த மலையாண்டியின் மனைவி செவந்தி ஏதோ சொல்ல வாயெடுத்ததை அவர் கவனிக்கவில்லை.

திறப்பு நாளன்று வருவானா மாட்டானா என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் வந்தது. புதுச் சட்டையில் மலையாண்டி இறங்க, பின்னாலேயே செவந்தி. சாதிக்குக்கு உசுரே வந்தது. ஓடிப்போய் மலையாண்டியின் கையைப் பிடித்து ஷட்டர் பக்கம் இழுத்தார். மலையாண்டி கையை விடுவித்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்க. சாதிக் வந்துரட்டும். அவன் ஒரு பக்கம் பிடிக்காம நான் ஷட்டர்ல கை வைக்க மாட்டேன்."

சாதிக் செவந்தியைப் பார்த்தார். அவர் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்.

"என்னையவே யாருன்னு கேக்குறாக அண்ணே. வெளிய தெரியக் கூடாதுன்னு மறைச்சுட்டேன்."

இந்த மறதி நோய்க்கு எத்தனை வீட்டுக்குத் தன் கையாலேயே மாத்திரை எடுத்துக் கொடுத்திருப்பார் சாதிக்! கூடப் பிறக்காத குறையாக இருந்தவனிடம் மட்டும் கோபத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார், பாவி மனுசன். கூட்டம் ஷட்டரையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தது. சாதிக் மலையாண்டியைக் கடைப்படியில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வந்துருவான்" என்றார்.

"எப்பவும் லேட்டுத்தாங்க அவன்" என்று மலையாண்டி குறைப்பட்டுக்கொண்டார்.

"ஆமா" என்றார் சாதிக்.