கோபால்ட் பூவும் சாயக்காரர் கட்டைவிரலும்

போன ஞாயிற்றுக்கிழமை என் கல்யாணம் நின்றுபோனது. முக்கால் மணி நேரத்துக்கு மட்டும்!

சிரிக்காதீர்கள். வாராவாரம் இந்தப் பத்திரிகையில் ஊரார் கதையைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்தவன் நான்... இந்த வாரம் என் முறை.

சேலத்தில் ஒரு ஸ்கூலில் நான் கெமிஸ்ட்ரி வாத்தியார் என்பது உங்களுக்குத் தெரியும். முப்பது வயதாகியும் பெண் அமையவில்லை என்பதும் தெரிந்திருக்கும் — என் மாமா சொல்லிப் புலம்பாத ஆள் இந்த ஜில்லாவில் கிடையாது. அந்த மாமாதான், ராசிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் அங்கமுத்து வீட்டில் பெண் இருப்பதாகத் துப்பு கொண்டுவந்தார். யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் ஏது? கரியை எரித்து ஓடும் பஸ்ஸில்தான் கிளம்பினோம். மேடு வந்த இடத்திலெல்லாம் இறங்கித் தள்ளினோம். ராசிபுரம் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை பாதி கரியாகியிருந்தான்.

பூ, பழம், வெற்றிலை எல்லாம் மாமா வாங்கிவிட்டார். நான் சும்மா போயிருக்கலாம். போனேனா? லேபில் கோபால்ட் குளோரைடைக் கரைத்து, மை ஒற்றும் காகிதத்தில் ஒரு பூ வெட்டி, அதில் தோய்த்துக் காயவைத்து எடுத்துப்போனேன். காய்ந்திருந்தால் நீலம். ஈரம் பட்டால் இளஞ்சிவப்பு. பெண் அசந்துபோவாள் என்று நினைப்பு! சித்திரை வெயிலில் பூ அப்படியொரு நீலமாக இருந்தது.

பெண்ணைக் கூப்பிடுவதற்கு முன்பே அங்கமுத்து பூவைக் கையில் வாங்கினார். வாங்கி என்ன செய்தார் தெரியுமா? சாயம் நிற்குமா என்று பார்க்க எந்தச் சாயக்காரரும் செய்வதைத்தான். சொம்புத் தண்ணீரில் கட்டைவிரலை நனைத்து, இதழில் வைத்து அழுத்தி ஒரு தேய்ப்பு.

நீலம் போய்விட்டது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பும் கூடவே போய்விட்டது.

அப்புறம்தான் தெரிந்தது. ஜெர்மன் சாயம் வரத்து நின்றதிலிருந்து கண்ட பவுடரையும் சாயம் என்று தலையில் கட்டுகிறார்களாம். அப்படி ஒரு முறை ஏமாந்து அவர் தோய்த்துக் கொடுத்த நூலில் நெய்த முகூர்த்தப் புடவை, மணவறையிலேயே வியர்வையில் சாயம் விட்டுவிட்டது. மணப்பெண் கழுத்தெல்லாம் அரக்குச் சிவப்பு! அந்த அவமானம் மனிதருக்கு இன்னும் ஆறவில்லை.

"ஏனுங்க வாத்தியாரே, தண்ணி தொட்டா ஓடிப்போற சாயத்தையா எம்பட ஊட்டுக்குக் கொண்டாந்தீங்க?"

"ஓடலீங்க... மாறுதுங்க," என்றேன்.

"மாறுனா என்னங்க, ஓடுனா என்னங்க? பொண்ணு குடுக்கறதுக்கில்லீங்க. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

அவ்வளவுதான். உடனே எழுந்து போகவும் வழியில்லை. கரியைப் பற்றவைத்து பஸ் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம். பெண் இல்லை என்று சொன்ன வீட்டிலேயே உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டிருக்கிறீர்களா? நான் தட்டில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். மாமா மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

அப்போதுதான் பெண் வெளியே வந்தாள். பேர் பாவாயி. அப்பா வீசி எறிந்த பூவைக் குனிந்து எடுத்தாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை; பூவையே உற்றுப் பார்த்தபடி கொல்லைப்புறம் போய்விட்டாள். கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு இது போதாதா? இந்தப் பெண் கிடைக்காவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அந்த நிமிஷமே ஆகிவிட்டது. கிடைக்கத்தான் வழியில்லை.

கொஞ்ச நேரத்தில் கொல்லையிலிருந்து ஒரு கூச்சல். "அப்பா, ஓடியாங்க! நீலம் வந்துருச்சுங்க!"

சாய அடுப்பின் அனலில் பூவைக் காட்டியிருக்கிறாள்! அங்கமுத்து ஓடினார். நான் ஓடினேன். மாமா உப்புமாத் தட்டோடு ஓடினார். அங்கமுத்து நனைத்த விரலை வைத்தார் — இளஞ்சிவப்பு. அனலில் காட்டினார் — நீலம். மறுபடி விரல், மறுபடி அனல்... ஏழெட்டுத் தடவை! "போன சாயம் திரும்பி வாரத நான் கண்டதே இல்லீங்க!" என்று அறுபது வயது மனிதர் கைகொட்டிச் சிரிக்கிறார். "எனக்கு ஒருக்கா, எனக்கு ஒருக்கா" என்று மாமா பின்னாலேயே நிற்கிறார்.

பாவாயி முதல் தடவையாக என்னிடம் பேசினாள். "ஏனுங்க, சாயத்துக்குப் போடற படிகாரம் வெள்ளையா இருக்குது. மயில்துத்தம் நீலம். அன்னபேதி பச்சை. மூணும் உப்புத்தானுங்களே... அதென்னங்க அப்படி?"

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வகுப்பில் ஒரு பயலாவது இதைக் கேட்டிருப்பானா?

உலோகம்தான் காரணம் என்றேன். நாங்கள் வந்த பஸ்ஸையே உதாரணமாகப் பிடித்துக்கொண்டேன். அணுவுக்குள் எலக்ட்ரான்களுக்கு சீட் உண்டு. படிகாரத்திலுள்ள அலுமினியத்தில் எல்லா சீட்டும் நிரம்பிவிட்டது. அடுத்த காலி சீட் வெகுதூரம்; அங்கே தாவ வைக்கிற தெம்பு நம் கண் பார்க்கும் வெளிச்சத்துக்கு இல்லை. வந்த வெளிச்சம் அப்படியே திரும்புகிறது, அதனால் வெள்ளை. மயில்துத்தத்திலுள்ள செம்பு, அன்னபேதியிலுள்ள இரும்பு, என் பூவிலுள்ள கோபால்ட் — இவற்றில் பக்கத்திலேயே காலி சீட்! வெளிச்சத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு எலக்ட்ரான் தாவிவிடும். மயில்துத்தம் சிவப்பை வாங்கிக்கொள்கிறது. மிச்சம்தான் நாம் பார்க்கும் நீலம். (பெரிய புரொபசர்களே இதில் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவு.)

கோபால்ட்டைச் சுற்றித் தண்ணீர் உட்கார்ந்தால் தாவும் தூரம் ஒரு அளவு — இளஞ்சிவப்பு. அனலில் தண்ணீர் எழுந்து போய், குளோரின் நெருங்கி உட்கார்ந்தால் வேறு அளவு — நீலம். சரக்கு அதேதான், பக்கத்தில் இருப்பவர்தான் மாறுகிறார்.

இதோடு வாயை மூடியிருக்கலாம். "எல்லாம் சேர்க்கையைப் பொறுத்ததுங்க!" என்று பெருமையாக வேறு முடித்தேன்.

அங்கமுத்து சிரிப்பை நிறுத்தினார். "சேர்க்கைக்குத் தக்கன மாறிக்குங்களா? அப்படியாப்பட்ட சரக்கக் கொண்டு வாரவரு மட்டும் எப்படி இருப்பாருங்க? அவரை நம்பிப் பொண்ணக் குடுக்கறது எப்படீங்க?"

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. மாமா என்னை முறைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது... சத்தியமாக.

"ஏனுங்கப்பா," என்றாள் பாவாயி, பூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "பக்கத்துல ஆரு இருக்கறாங்கங்கறதுதானுங்களே விசயம்? நான் இருந்துக்கறேனுங்க."

அங்கமுத்து மகளைப் பார்த்தார். கரி அப்பிய என்னைப் பார்த்தார். அப்புறம் மாமா பக்கம் திரும்பி, "தட்டு மாத்திக்கலாமுங்களா?" என்றார்.

பஸ் எங்களை விட்டுவிட்டுப் போயே போய்விட்டது. போகட்டுமே!

ஆகவே எடிட்டர் ஐயா... வைகாசி கடைசி வாரம் எனக்கு லீவு.