இரட்டைக் கம்பிவலை

கோழிக்கூண்டு அடிக்கக் கம்பிவலை வாங்கப் போனேன். கடை அண்ணாச்சி சுருளைப் பிரித்ததும் துரு வாசனை முகத்தில் அடித்தது. இந்த உப்புக்காற்றில் எந்த இரும்பு தப்பும்? எனக்கு அது மனு வாசனை. சிறையில் கைதியைப் பார்க்க வருவதற்கு மனு என்று பேர். நான் வார்டராகச் சேர்ந்த கிளைச் சிறையில் அது ஒரே கூடத்தில் நடக்கும்.

கூடத்தின் குறுக்கே இரண்டு கம்பிவலை. நடுவில் ஆள் நடக்கிற இடைவெளி, அதில் நான். ஒரு பக்கம் கைதிகள், மறுபக்கம் சொந்தக்காரர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். ஓரமாய் நின்றால் கொஞ்சம் காது கேட்கும், அதனால் ஓரமெல்லாம் பழைய கைதிகளுக்கு. புதியவன் நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டியதுதான். எந்தச் சட்டத்திலும் இல்லாத இந்த வரிசையை நாங்களும் மாற்றவில்லை. நானோ உடன்குடிக்காரன், கடல் என்றால் திருச்செந்தூரில் கால் நனைத்ததோடு சரி. கடற்கரைக்காரர்கள் பேச்சில் பாதி புரியாது. விறைப்பாக நின்று சமாளிப்பேன்.

அப்போது வெட்டுக்குத்து வழக்கில் இரண்டு ஊர் மீனவர்கள் உள்ளே இருந்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சூசை தலைவன், இன்னொன்றுக்கு இன்னாசி. கடலுக்கடியில் மீன் குவிகிற பாறைத்திட்டுக்குப் 'பார்' என்று பேர். அப்படி ஒரு பார் சூசைக்கும் அவன் தம்பிக்கும் மட்டும் தெரியும். அதைக் கண்டுபிடிக்க இன்னாசி ஆட்கள் படகில் பின்தொடர்ந்ததில்தான் சண்டை. தனி அறை, குளிக்கத் தனி நேரம் என்று பிரித்து வைத்திருந்தோம். மனுக்கூடத்தைப் பிரிக்க வழியில்லை.

அப்படி ஒரு நாள் சூசையின் மனைவி ரோசம்மா வலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "முந்தாநாள் தனியாப் போன ஒங்க தம்பி கரைக்கு வரல. பாருக்குத்தான் போயிருக்கான். அது எங்கனன்னு தேடுதவங்களுக்குத் தெரியல. சொல்லுங்க."

கூடம் அப்படியே அடங்கிவிட்டது. இன்னாசி கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. சூசையின் ஆள் ஒருவன் அவன் தோளை அழுத்தினான். "ஏலே, சொல்லாத. எதுக்குலே நாம உள்ள கெடக்கோம்?"

கைகலப்பு வந்துவிடுமோ என்று விசிலைப் பிடித்துக்கொண்டேன். "என் காதுல சொல்லு, அந்தப் பக்கம் போய்ச் சொல்லுதேன்" என்றேன்.

"ஒங்களுக்கு வெளங்காது அய்யா" என்றான் சூசை. ஒரு தடவை இன்னாசியைப் பார்த்தான். பிறகு வலையில் வாயை வைத்துக் கத்தினான். "கடல்லருந்து கரையப் பாத்தா கோயில் கோபுரமும் பேக்டரிப் புகைக்கூண்டும் ஒண்ணு பின்னால ஒண்ணு நிக்கணும். கலங்கரை விளக்கு இடுப்பு மட்டும் முங்கணும். அங்கன தேடச் சொல்லு."

ரோசம்மா ஓடினாள். அவளுக்குப் பின்னாலேயே, மனு நேரம் முடியுமுன், இன்னாசியின் சொந்தக்காரர்களும் கிளம்பிப் போனார்கள். எதற்குப் போகிறார்கள் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

அடுத்த மனுவுக்கு ரோசம்மா வரவில்லை. சூசை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். வந்தது இன்னாசியின் மனைவி. புருஷனிடம் ஒரு வார்த்தை பேசாமல் சூசையைப் பார்த்துக் குரலெடுத்தாள். "அண்ணே, ஒங்க தம்பிய எங்க படகுலதான் கொண்டாந்தோம். ஆஸ்பத்திரியில ரோசம்மா கூட இருக்கா. உசுருக்கு ஒண்ணுமில்ல."

சூசை கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன், யூனிபாரத்தோடு. அந்தப் பார் அதோடு ரகசியமில்லாமல் போயிற்று.

அந்தக் கூடத்தை இடித்து வெகுகாலமாகிறது. இப்போது மனுவுக்குக் கண்ணாடித் தடுப்பு, இரு பக்கமும் ரிசீவர். கத்த வேண்டாம், மரியாதையாகப் பேசலாம். பக்கத்தில் நிற்கிறவன் வீட்டில் யார் கரைக்கு வரவில்லை என்று இனி யாருக்கும் கேட்காது.