கிட்டுசாமி டயர் எடுத்த கதை

என் வீட்டுக்காரர் கிட்டுசாமிக்குச் சட்டை எடுக்கவே அரை நாள் ஆகும். கடைக்காரர் களைத்துப்போய் ஏதோ ஒன்றைப் பையில் போட்டுக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து அதைப் பிரித்துப் பார்த்து, "அந்த ஊதாவையே எடுத்திருக்கலாமோ புள்ள?" என்பார். இப்படிப்பட்ட மனுசன் தலையில்தான் மினி லாரிக்கு டயர் எடுக்கும் வேலை வந்து விழுந்தது.

எங்கள் வண்டிக்கு முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நாலு. சேவூரிலிருந்து திருப்பூர் போய், நிட்டிங் கம்பெனியில் துணி ரோல்களை ஏற்றி, சாயம் போடும் டையிங்கில் இறக்குவோம். உதவிக்கு முன்பு சின்னான் வந்துகொண்டிருந்தார். போன வருசம் பின் டயர் வெடித்து வண்டி சாய்ந்ததில் அவர் இடுப்பெலும்பு முறிந்தது. அதிலிருந்து அவருடைய சீட்டில் உட்கார்ந்து போவது நான்தான்.

இப்போது பின் டயர் நாலும் வழுக்கையாகிவிட்டன. ஒன்றில் உள்நூலே தெரிந்தது. வண்டியை நிறுத்திவிட்டார், அது வரைக்கும் சரி. அப்புறம் ஆரம்பித்தது கூத்து. டீக்கடையில் ரேடியல் டயர்தான் நல்லது என்றார்கள். என் தம்பி, பாரம் ஏற்றுகிற வண்டிக்கு நைலான் டயர்தான் தாங்கும் என்றான். முடிவெட்டப் போன இடத்திலும் இதே பேச்சு. வடநாட்டுக்காரர் ஒருவர் டயரைத் தட்டித் தட்டி இந்தியில் பேசும் வீடியோவை, ஒரு வார்த்தை புரியாமல் தலையாட்டிக்கொண்டே பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நிட்டிங் கம்பெனி முதலாளி ஈஸ்வரமூர்த்தி போன் செய்தார். "ஏனுங் கிட்டுசாமி, வண்டி வருமா வராதுங்களா? திங்கக்கெழம வரலீன்னா நான் வேற வண்டி பாத்துக்கறனுங்க. கோவிச்சுக்காதீங்க." மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் எங்களுக்கு இருப்பது அந்த ஒரு கம்பெனி ஓட்டம்தான். அதுவும் போனால் வண்டியை வாசலில் நிறுத்தி அழகு பார்க்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை இவர் மாகாளியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூ கேட்டார். கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் சாமியிடம் உத்தரவு கேட்டு எடுக்கிற பூப் பொட்டலம். வெள்ளை வந்தால் ரேடியல், சிவப்பு வந்தால் நைலான். வெள்ளை வந்தது. அப்பாடா என்று நானும் கும்பிட்டேன். பாதி வழியில் நின்றுவிட்டார்.

"எந்தக் கம்பெனி ரேடியல்னு கேக்காம வந்துட்டனே புள்ள."

நான் கத்தக் கத்தத் திரும்பிப் போனார். பூசாரி கந்தப்பன் நடையைச் சாத்திக்கொண்டிருந்தார். "ஏனப்பா, அம்மன் என்ன டயர் கடையா வெச்சிருக்குது?" என்று பூட்டைப் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவரை அவினாசியில் டேனியல் டயர் கடைக்கு இழுத்துப் போனேன். டேனியல் மூன்று டயர்களை எடுத்து வைத்தார்.

"மூணுமே நல்லா ஓடுமுங்ணா. சோடி டயர் ரெண்டும் ஒரே உசரத்துல இருக்கோணும், அதாங்க முக்கியம். ஒண்ணு தேஞ்சு கட்டையா இருந்தா, மொத்த பாரமும் இன்னொண்ணு மேல போயி வெடிச்சுரும்."

இவர் முகம் செத்துப்போனது. வெளியே போய் நின்றுகொண்டார். நானும் பின்னாலேயே போனேன்.

"நாளைக்கி திங்கக்கெழமைங்க! இன்னும் யாரக் கேக்கோணும்? சொல்லுங்க, அவங்களையும் கூட்டியாறேன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சின்னான் உழுந்தானே, அன்னைக்கி புது டயருக்குச் சோடியா தேஞ்ச டயர மாட்டச் சொன்னது நாந்தான் புள்ள. உள்பக்கந்தான, ஆரு பாக்கப் போறாங்கன்னு நெனச்சேன். இப்ப அந்த எடத்துல நீ உக்கார்றே. நான் எடுத்த டயரு மறுபடியும் வெடிச்சா நான் என்ன பண்ணுவேன்?"

பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது. ஒரு வருசமாக உள்ளுக்குள் வைத்துப் புழுங்கியதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஊரையும் சாமியையும் இந்தப் பாடு படுத்தியிருக்க வேண்டாமே! கடைக்குள் போய் நடுவில் இருந்த டயரைக் காட்டினேன்.

"டேனியல் தம்பி, இதுல நாலு மாட்டீருங்க."

நடுவில் இருந்தது என்பதைத் தவிர அதை எடுக்க வேறு காரணம் கிடையாது. நல்லவேளை, ஏன் அது என்று யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பாரம் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். இவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். இவ்வளவு தெளிவாக இவர் முகத்தைப் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. நான் மட்டும் ஒவ்வொரு குழியிலும் பின்னால் என்ன சத்தம் கேட்கிறது என்று காதைக் கொடுத்துக்கொண்டு, கம்பியை இறுகப் பிடித்தபடி வந்தேன்.

"கொஞ்சம் மெதுவாப் போங்க."

"நீ எடுத்த டயருதான புள்ள, அப்பறம் என்ன பயம்?" என்று சிரித்தார்.

நான் எடுத்த டயர் என்பதுதான் பயமே என்று, அவ்வளவு சந்தோசமாக ஓட்டிக்கொண்டிருந்த மனுசனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.