நிற்காத ஆடுகள்

என் கூட்டாளி ஞானராஜ் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று ஆள் வந்து சொன்னபோது நான் பாதி முகம்தான் மழித்திருந்தேன். அப்படியே ஓடினேன். அவன் வீட்டு ஜெபத்தில் என் மகள்தான் காதோரச் சோப்பைத் தாவணியால் துடைத்துவிட்டாள். காரியாபட்டி ரோட்டு வளைவில் ஸ்கூட்டரோடு வேலிக்கருவை முள்ளுக்குள் கிடந்தானாம். பிரேக் பிடித்த தடமே இல்லையாம்.

அருப்புக்கோட்டையில் விதைக்கடை மாடியில் அவனிடம் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு அந்த லாரி விளையாட்டு தெரியும். அவன் எழுதியது. அதை முதலில் ஓட்டிப் பார்த்தவன், ஒன்பதாம் வகுப்போடு நின்று லோடு வண்டி ஓட்டப்போன நான். "உனக்கு ஒண்ணும் தெரியாதுலே. அதான் உன்னயக் கூப்பிட்டேன்" என்றான். எனக்குக் கிடைத்த ஒரே கம்ப்யூட்டர் பட்டம்.

திரையில் லாரி, குறுக்கே ஆடுகள். நான் கீயை அமுக்காவிட்டால் ஆடுகளும் நின்றன. "ஏலே, நான் ரோசிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்குற ஆடு எந்த ஊர்ல இருக்கு?" என்றேன். அவன் சிரிக்கவில்லை. புரோகிராம் என் விரலுக்காகக் காத்துக் கிடப்பதுதான் கோளாறு என்று மாற்றி எழுதினான். அதன்பின், திரையில் படம் ஒருமுறை மாறும் ஒவ்வொரு சுற்றிலும் கீ அமுங்கியிருக்கிறதா என்று அது எட்டி மட்டும் பார்த்தது. அமுங்கியிருந்தால் லாரி திரும்பும். இல்லாவிட்டாலும் ஆடு நடக்கும்.

வேகமான புது மிஷின் வாங்கியதும் ஆடுகள் பறந்தன. சுற்றுக்கு இவ்வளவு நேரம் என்று கடிகாரத்தை வைத்து அளந்தான். வேலை சீக்கிரம் முடிந்தால் மிச்ச நேரம் சும்மா நின்றுவிட்டுத்தான் அடுத்த படம் வரும். "கை வந்தாலும் வராட்டாலும் படம் நேரத்துக்கு மாறணும்லே" என்பான்.

போன கோடையில், அவன் விளையாடும்போது லாரி ஆடுகளில் மோதத் தொடங்கியது. எப்போதும் தோற்கிற நான் ஜெயித்தேன். "கீயப் பிந்தித்தான் படிக்குது" என்று புரோகிராமை மூன்று முறை பிரித்து எழுதினான். எனக்கோ லாரி உடனே திரும்பியது. ஒருநாள் திரையை விட்டுவிட்டு அவன் விரலைப் பார்த்தேன். ஆடு வந்தது. கண் பார்த்தது. விரல் சற்று நின்று, பிறகே இறங்கியது. சட்டைப் பொத்தானைக்கூட இடது கையால் போடப் பழகியிருந்தான்.

"மிஷினுக்கு வயசாயிருச்சுலே" என்று சொல்லிவிட்டு இன்னொரு ஆட்டம் கேட்டேன். ஜெயிக்கிற ருசி.

அடக்கம் முடிந்ததும் அவன் மனைவி கேட்டார்: "அண்ணே, அவுக கையில ஏதும் கோளாறு தெரிஞ்சுச்சா? ஒங்ககூடத்தான இருந்தாக." மழிக்காத கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அந்த விளையாட்டைப் பதிந்த அவன் பிளாப்பி என்னிடம் இருக்கிறது. ஆடுகள் இன்னமும் நேரத்துக்கு நடக்கின்றன. அவன் விரலைப் பார்த்த அன்று நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்: ஏலே, மிஷினு சரியாத்தான் இருக்கு. உன் கைதான் பிந்துது. வண்டிய எடுக்காத.