கோடு இல்லாத நாள்

என் வீட்டுக்காரர் விளம்பரப் பலகைகளில் ஃப்ளெக்ஸ் கட்டுகிறவர். திருச்சியில் உயரமான இரும்புச் சட்டம் எங்கே நின்றாலும் அதில் ஏறியிருப்பார். இடுப்பில் ஒரு பெல்ட், ஒரு கத்தி. மழைக்கு நான் பயந்ததில்லை. காற்றுக்குத்தான். பாதி கட்டிய ஃப்ளெக்ஸில் காற்று புகுந்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும்.

நான் எட்டாவதோடு நின்றவள். காற்றழுத்த மேப் என்று ஒன்று இருப்பதே காலேஜில் படிக்கும் மகள் போனில் காட்டித்தான் தெரியும். கடல் முழுக்க வளைவு வளைவாகக் கோடுகள்.

“ஒரே கோட்டுல எங்க பார்த்தாலும் அழுத்தம் ஒண்ணுதாம்மா. நம்பர் குறையுற பக்கம் தாழ்வு. கோடு நெருங்குற எடத்துல காத்து பலமா இருக்கும்.”

“சீப்புப் பல்லு மாதிரியா?”

“அதேதான்.”

அதன் பிறகு தினமும் உலை வைத்துவிட்டு மேப்பைப் பார்ப்பேன். ஐப்பசியில் ஒரு நாள் கடலூர்ப் பக்கம் கோடுகள் பேன் சீப்பு போல நெருங்கியிருந்தன. நம் பக்கமும் சில வந்திருந்தன. போக வேண்டாம் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வீட்டில் இருந்துவிட்டார். மதியம் உறையூரில் எங்கள் தெரு முருங்கை முறிந்து விழுந்தது.

அன்றிலிருந்து தினமும் ஒரு கேலி.

“என்னங்க வானிலை ஆபீசரம்மா, இன்னைக்கு ஏறலாங்களா?”

கேலிதான். ஆனால் கேட்காமல் கிளம்ப மாட்டார்.

போன சித்திரையில் ஸ்ரீரங்கம் தேர்த் திருவிழாவுக்கு முன்னால் மாம்பழச் சாலையில் வேலை. நகைக்கடை விளம்பரம். காலையில் மேப்பைப் பார்த்தேன். நம் ஊர் மேல் ஒரு கோடு இல்லை.

“சீப்பே இல்லீங்க. போயிட்டு வாங்க.”

மூன்று மணிக்கு மேல் மேற்கே கறுத்தது. புழுதியோடு அடித்தது காற்று. எதிர்வீட்டுத் தகரம் பறந்து நடுத்தெருவில் விழுந்தது. போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாசலில் நின்றேன். மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“கோடு பெரிய காத்துக்குத்தாம்மா. இது கோடை வெயில்ல திடீர்னு கெளம்புற மேகம். அது மேப்புல தெரியாது.”

“இத ஏன்டி அன்னைக்கே சொல்லல?”

அவள் போனை வாங்கி அப்பாவுக்குப் போட்டாள்.

இருட்டும் நேரத்தில் வந்தார். இரண்டு உள்ளங்கையிலும் கயிறு இழுத்துத் தோல் போயிருந்தது.

“பாதி கட்டியிருந்தேன். இழுத்துச்சு. கயித்த அறுத்து விட்டுட்டேன்.” சிரிக்கப் பார்த்தார். “படத்துல இருந்த நகைக்கடைப் பொண்ணு காவேரி மணல்ல மல்லாந்து கெடக்குறா.”

யாரும் சிரிக்கவில்லை. மஞ்சள் குழைத்துப் போட்டேன். சோறு பிசைந்து ஊட்டினேன்.

மறுநாள் காலையில் கையில் துணி சுற்றிக்கொண்டு வந்து நின்றார். கேலி இல்லை.

“மேப்பு என்ன சொல்லுது?”

“கோடு இல்ல.”

“நேத்தும் இல்லல்ல?”

“இல்ல.”

பெல்ட்டை எடுத்துக்கொண்டு போனார். நானும் தடுக்கவில்லை. வேறு வேலை அவருக்குத் தெரியாது.

இப்போதும் காலையில் மேப்பைப் பார்க்கிறேன். மதியத்துக்கு மேல் மொட்டைமாடிக்குப் போய் மேற்கே பார்க்கிறேன். கறுத்தால் போன் போடுவேன். எடுத்தால், கீழே இறங்கிவிட்டார் என்று அர்த்தம். மேலே இருக்கும்போது இரண்டு கையும் கயிற்றில் இருக்கும்.