தவறான தகவல் என்று நான் நீக்கிய மரணச் செய்தி

பிலோமினா அவர்கள் இறந்த செய்தி வேலை மேசையில்தான் என்னிடம் வந்தது. கணினித் திரையில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர். அதில் அவர் படம். "இது பொய்ச் செய்தி" என்று பலர் புகார் செய்திருந்தார்கள். நானும் பொய் என்றே நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், "தவறான தகவல்" என்று அழுத்தி நீக்கிவிட்டேன். பதினோரு நாள் ஆகிவிட்டது.

எங்கள் வேலையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இணையத்தில் மக்கள் போடும் பதிவுகளில் புகார் வந்தவற்றைப் பார்த்து, இருக்கலாமா, எடுக்க வேண்டுமா என்று முடிவு செய்வோம். புதுக்கோட்டையில் ஒரு மூன்றாம் மாடி அலுவலகம். தமிழ்ப் பதிவுகள் எங்கள் பொறுப்பு. கைப்பேசியை வெளியே லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

பிலோமினாவும் நானும் ஒரே நாளில் சேர்ந்தோம். அவர் ஆவூர்ப் பக்கம், நான் கறம்பக்குடி. வயதில் எனக்கு ஐந்தாறு ஆண்டு இளையவர். மூன்றாம் நாளே ஒரு வெட்டுக்குத்து வீடியோ என் முன் வந்தது. பார்த்து முடித்ததும் வேலையை விட்டுவிடுவது என்று எழுந்துவிட்டேன். பக்கத்து நாற்காலியிலிருந்து அவர் சொன்னார்: "அண்ணே, சவுண்ட அமத்திட்டுப் பாருங்க. பாதி பயம் சத்தத்துலதான் இருக்கு." அப்படித்தான் இத்தனை ஆண்டுகள் ஓட்டினேன். அவருக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அன்று மாலை வீட்டுக்குப் போய் அவர் சாப்பிடவே இல்லையாம்.

பொய்யை மோப்பம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒருமுறை ஜெகதாப்பட்டினத்துப் படகுகளைக் கடற்படையினர் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு வீடியோ காட்டுத்தீயாகப் பரவியது. பெண்கள் துறைமுகத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எல்லோரும் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கீழே இருந்த கருத்துகளைப் படித்தார். "நாசமாப் போகன்னு திட்டுறான், அழுவுறான். எந்த போட்டுன்னு ஒருத்தரும் கேக்கல பாருங்க. நெசமா இருந்தா சொந்தக்காரன் மொதல்ல அதத்தான் கேப்பான்" என்றார். அது பழைய வீடியோ என்பது உறுதியானது. சாவுச் செய்திக்கும் அவருக்கு அதே சோதனைதான்: "வெறும் ஆர்ஐபி மட்டும் இருந்தா சந்தேகப்படுங்க. 'எப்ப எடுக்குறாங்க'ன்னு ஒருத்தர் கேட்டிருந்தா, அது நெசம்."

பிறகு ஏஐ வந்தது. முதல் வடிகட்டல் முழுவதும் இயந்திரத்தின் கைக்குப் போக, எங்களில் பாதிக்கு மேல் வீட்டுக்குப் போனார்கள். மிஞ்சியவர்களுக்கு வேகம் கூட்டப்பட்டது. புதிய திரையில் படம் மட்டும் தெரியும். கருத்துகளைப் பார்க்கத் தனியாகத் திறக்க வேண்டும். நாங்கள் திறப்பதை விட்டுவிட்டோம். அவர் விடவில்லை, அதனால் மாதாமாதம் திட்டு வாங்கினார். ஒரு தாய் தன் மகன் பிறந்தநாள் படத்தின் கீழ் "சேட்டை பண்ணுனா கொன்னுபுடுவேன்" என்று கொஞ்சியதை இயந்திரம் கொலை மிரட்டல் என்று தூக்கிவிட்டது. பிலோமினா அதை மீட்டுக்கொடுத்ததோடு, மேலிடத்துக்கு ஒரு பக்கம் விளக்கமும் எழுதினார். "எங்க ஆத்தா என்னைய தெனம் பத்து தடவ கொல்லும்" என்று அவர் அன்று சொன்னதற்கு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, தன் வீடியோக்களை நாங்கள் நீக்கிய கோபத்தில் எவனோ அவர் பெயரைக் கண்டுபிடித்து, அவர் செத்துவிட்டதாகப் போஸ்டர் போட்டான். அவர் அழவில்லை. "எளவெடுத்தவன், நல்ல போட்டோவாப் பாத்துப் போட்டிருக்கக் கூடாதா?" என்றார். எனக்குத்தான் ரத்தம் கொதித்தது.

அந்தக் கொதிப்புதான் என் கண்ணை மறைத்தது. இறந்த அன்று அவருக்கு வார விடுமுறை. காலையில் பேருந்து நிலையத்தில் மயங்கி விழுந்தவர் எழவே இல்லை. உறவினர்கள் அவசரத்தில், அந்தப் பொய்ப் போஸ்டரில் இருந்த அதே படத்தை எடுத்துப் போஸ்டர் செய்திருக்கிறார்கள். 'அந்தப் பயல் மறுபடியும் ஆரம்பித்துவிட்டான்' என்று நினைத்தேன். தெரிந்தவர் பற்றிய பதிவென்றால் வேறொருவருக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. தள்ளவில்லை. வெளியே போய் ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. நான் ஒருமுறை அழுத்தியதில், ஊரெல்லாம் பகிர்ந்த நகல்களையும் இயந்திரம் தானாகவே அழித்துவிட்டது.

மதியம் மறுபரிசீலனை கேட்டு அது திரும்பி வந்தபோதுதான் கருத்துகளைத் திறந்தேன். "எப்ப எடுக்குறாங்க? கோயிலுக்கு எத்தன மணிக்கு?" என்று ஐந்தாறு பேர் கேட்டிருந்தார்கள். பதிவை மீட்டுப் போட்டேன். தண்ணீர் கொடுத்தார்கள், குடிக்கத் தெரியவில்லை.

ஆவூருக்குப் போன பிறகுதான் மற்றது தெரிந்தது. அவருடைய ஒரே தம்பி அருள் குவைத்தில் இருக்கிறார். வெளிநாட்டில் இருப்பவரிடம் சாவை நேரடியாகச் சொல்ல மாட்டோம் அல்லவா? "அக்காவுக்கு சீரியஸ், கெளம்பி வா" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பெட்டி கட்டும்போது அவர் போஸ்டரைப் பார்த்திருக்கிறார். நம்ப மாட்டாமல் அவரும் புகார் செய்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் எங்களிடமிருந்து பதில்: தவறான தகவல், நீக்கப்பட்டது. வீட்டுக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. சீரியஸ் என்று சொன்னதுகூட அந்தப் புரளியால் கிளம்பிய பேச்சுதான் என்று எண்ணி, பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். உண்மை தெரிந்தபோது விமானம் போயிருந்தது. அடுத்த இருக்கை இரண்டு நாள் கழித்துத்தான். உடலை அதுவரை வைத்திருக்க முடியவில்லை.

கல்லறையில் வீடியோ அழைப்பில் அருளுக்கு அக்காவைக் காட்டினார்கள். போனை வாங்கி, நீக்கியது நான்தான் என்று சொன்னேன்.

"நீங்களா?" என்றார். "அந்த மெசேஜ் வந்ததும் சிரிச்சேண்ணே. ரூம்ல எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன். எங்கக்கா செத்துக் கெடக்கையில நான் டீ வாங்கிக் குடுத்திருக்கேன்."

அவருடைய தாய் என் பக்கத்தில் நின்றார். அருளே தொடர்ந்தார்.

"இப்ப ஒங்கள மன்னிக்க முடியலண்ணே. ஆனா அக்கா ஒங்களப் பத்தி நெறையச் சொல்லும். எம்பங்கு மண்ண நீங்களே போட்டுருங்க."

ஒரு கை மண்ணை அள்ளி, திரையில் அவருக்குக் காட்டிவிட்டுப் போட்டேன். எனக்கென்று இன்னொரு கை அள்ளினேன். போட மனம் வரவில்லை. "போடுங்க, மத்தவங்களும் போடணும்ல" என்று பின்னாலிருந்து சொன்னார்கள். போட்டேன்.

போய் வாருங்கள், பிலோமினா. உங்கள் தம்பியை வரவிடாமல் செய்தவன் நான். என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.